கிசேலா அம்மாளுக்குக் கட்டிய தாலி

கிசேலா அம்மாளுக்குத் தாலி கட்டியவள் எங்கள் அமிர்தம். ஒன்று இரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில் கட்டியிருந்தாள். சூளைக் கதவைத் திறந்து பொம்மைத் தட்டுகளை வெளியே இழுத்தபோது, உள்ளங்கை உயரத்துக்கு வரிசையாக நின்ற ஜெர்மன்காரி பொம்மைகள் அத்தனையின் கழுத்திலும் மஞ்சள் கயிறு. கயிற்றின் நுனியில் பொட்டுத் தாலியாக இரண்டு தங்க வட்டங்கள் பளபளத்தன. எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற காசியம்மாள், "எவ்வளோ அம்சமா இருக்குது பாரேன் சங்கரி" என்றாள். அவளை அங்கேயே நாலு சாத்தலாமா என்றிருந்தது.

கிசேலா ரோட்டர் ஜெர்மனியில் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்துகிறவர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அந்தப் பத்திரிகையின் பெயரைத் தமிழில் சொன்னால் 'வாயாடி' என்று வரும். நம் ஊரில் திட்டுவதற்கு வைத்திருக்கும் சொல்லை அந்த அம்மாள் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார். இரண்டாயிரத்து நாலில் பத்திரிகைக்கு முப்பது வயது. விழாவுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு ஆசிரியரம்மா பொம்மை கொடுக்க வேண்டும், அதைப் பெண்களே செய்திருக்க வேண்டும் என்று அவர் அலுவலகத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. புதுச்சேரியில் ஏற்றுமதி செய்யும் ஒரு கடை வழியாக அந்த ஆர்டர் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் இருந்த எங்கள் மகளிர் குழுவுக்கு வந்தது. அதுவரை கொலுவுக்கு மீனாட்சியும் முருகனும் செட்டியாரும் செய்துகொண்டிருந்தவர்கள் நாங்கள். குழுத் தலைவி நான். பெயர் சிவசங்கரி. தபாலில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

கையில் வேறு வேலை கிடையாது. எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த வியாபாரிகள் எல்லாம் எடை குறைவு என்று காகிதக்கூழ் பொம்மைக்கு மாறிவிட்டார்கள். இந்த ஆர்டர் திரும்பிவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். மற்றவர்களுக்கு அதனால் கஷ்டம். அமிர்தத்துக்கு அது வாழ்வா சாவா.

அமிர்தத்தைக் கட்டிக்கொடுத்தது பெண்ணாடத்தில். புருஷன் தங்கராசு கரும்பு ஆலைக்கு டிராக்டர் ஓட்டுகிறவன். ஒன்பது வருஷம் அவனோடு இருந்தாள். ஆர்டர் வருவதற்கு முந்தின வருஷம் அவன் முறுக்கிய முறுக்கில் இடது கையில் இரண்டு விரல் ஒடிந்தது. அந்தக் கையோடு பஸ் ஏறி கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் அண்ணன் பச்சமுத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். பச்சமுத்து கெட்டவர் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர். "வேலைக்குப் போற வரைக்கும் இரு. யாராவது கேட்டா தங்கச்சி வேலைக்குப் போவுதுன்னு சொல்லிக்கிறேன். வேலை இல்லாம வூட்ல குந்தியிருந்தா நான் என்னான்னு பதில் சொல்றது? அப்ப தங்கராசுகூட போயிடணும்" என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். ஆக, ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தால் அமிர்தம் பெண்ணாடம் போக வேண்டும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் குழுவில் கண்ணும் புருவமும் நகையும் எழுதுகிற கை அவளுடையது. ஒடிந்தது இடது கையாகப் போனதே என்று நாங்கள் சாமி கும்பிட்டிருக்கிறோம்.

ஆர்டரோடு அந்த அம்மாளின் வாழ்க்கையும் இங்கிலீஷில் ஒரு தாளில் வந்திருந்தது. வேலை நடக்கும்போது நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். குண்டு விழுந்து இடிந்து கிடந்த ஊரில் பிறந்தவர். சண்டைக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மா இடிபாட்டில் செங்கல் பொறுக்கிப் பிள்ளையை வளர்த்தாள். டைப் அடிக்கிற வேலையிலிருந்து ஒரு நாளிதழுக்குப் போனார். அங்கே சமையல் பக்கம் எழுதச் சொன்னார்கள். ஒரு பலகாரக் குறிப்பின் கடைசியில், 'இதைச் செய்ய மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் உங்கள் கணவர் எங்கே இருந்தார் என்று விசாரியுங்கள்' என்று எழுதினார். வேலை போயிற்று. காசியம்மாள் இந்த இடத்தை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிச் சிரித்தாள்.

அப்புறம் சொந்தப் பத்திரிகை. புருஷன் கை நீட்டுவதைப் பெண்கள் தங்கள் பெயரோடும் படத்தோடும் வெளிப்படையாகச் சொல்லும் கட்டுரையைப் போட்டார். வழக்கு வந்தது, கூட்டத்தில் முட்டை வந்தது, வீட்டு வாசலில் குப்பை வந்தது. அமிர்தம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "பேரு, போட்டோ எல்லாம் போட்டா குடுத்தாங்க? அப்புறம் அந்தப் பொம்பளைங்க வூட்டுக்குப் போனாங்களா?" தாளில் அது இல்லை என்றேன். "அதைத்தான்க்கா மொதல்ல போட்டிருக்கணும்" என்றாள்.

ஆண்கள் திட்டியது போதாதென்று பிறகு பெண்களும் திட்ட ஆரம்பித்தார்கள். வீட்டு வேலைக்குச் சம்பளம் வேண்டும் என்று அங்கே பெண்கள் ஊர்வலம் போனபோது, கூடவே கூடாது, சம்பளம் கொடுத்தால் உங்களை அடுப்படியிலேயே கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று எழுதினார். கூட இருந்தவர்களே பத்திரிகையைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். எங்கள் ஷெட்டிலும் சண்டை வந்தது. அமிர்தம்தான் ரொம்பக் கொதித்தாள்: "ஒம்போது வருசம் வடிச்சிக் கொட்டியிருக்கேன். சம்பளம் வேணாம்னு சொல்ல இவங்க யாரு?" அதற்குப் பிறகு ஒரு வரி இருந்தது. கல்யாணம் என்பது பெண் படிக்காமல் கையெழுத்துப் போடும் வேலை ஒப்பந்தம் என்று சொன்னவர், அந்த வயது வரை கல்யாணமே செய்துகொள்ளாதவர். அதையும் வாசித்தேன். எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டுத்தான் தாலி எழுதியிருக்கிறார்கள்! ஏற்றுமதிப் பெட்டி விஷயமாக நான் புதுச்சேரிக்கு அலைந்துகொண்டிருந்த நாட்களில் இந்தக் கல்யாணம் நடந்து முடிந்துவிட்டது.

"ஏண்டி, கல்யாணமே பண்ணிக்கலன்னு படிச்சேனா இல்லியா?" என்று சூளை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"படிச்சீங்க. ஆனா படத்துல இருக்குதேக்கா" என்றாள் அமிர்தம்.

ஃபேக்ஸில் வந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. சட்டை நீலம், கால்சட்டை கறுப்பு, முடி வெள்ளை என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் கழுத்தைச் சுற்றி ஒரு கயிறு இறங்கிச் சட்டையில் மறைந்திருந்தது. நானும் உற்று உற்றுப் பார்த்தேன். நம் ஊரில் பிறந்த யார் பார்த்தாலும் அது தாலிக் கயிறுதான்.

"பஸ்ஸுல போவும்போது நாம உள்ள வுட்டுக்கறோமே, அந்த மாதிரி வுட்டிருக்காங்க. வெளிய பேசறது வேற. கட்டனவன் சரியில்லாம வுட்டுட்டு வந்திருப்பாங்க, கயித்த கழட்ட மட்டும் மனசு வந்திருக்காது. எனக்குத் தெரியாதாக்கா?" சொல்லும்போதே அவள் கை தன் கழுத்துக்குப் போயிற்று. அவளும் கழற்றவில்லை.

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்டேன்: "உள்ள இருந்ததை வெளிய எதுக்குடி எடுத்துப் போட்ட?"

"பொம்மைக்கு என்னாத்துக்கு ஒளிச்சி வெக்கணும்? அவங்களாலதான் முடியல, பொம்மையாவது தைரியமா போட்டுக்கட்டுமேன்னு நெனச்சேன்."

சூளையில் வெந்த வண்ணம் சுரண்டினால் போகாது. புதிதாக அச்சில் வார்த்து, காயவைத்து, திரும்பத் திரும்பச் சூளையில் ஏற்றி இறக்குவதற்குள் அங்கே விழாவே முடிந்துவிடும். இதற்கு மேல், புதுச்சேரியில் ஓய்வுக்கு வந்திருந்த கிசேலா அம்மாள் மறுநாள் நேரிலேயே வந்து பொம்மைகளைப் பார்க்கப்போவதாகக் கடையிலிருந்து போன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. காசியம்மாள் வழக்கமான பஸ்ஸில் ஊருக்குப் போனாள். போகிற வழியெல்லாம் கதையைச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். அவளுக்கும் கருவேப்பிலங்குறிச்சிதான்.

மறுநாள் காலை கார் வந்து நின்றது. நெடுநெடுவென்ற உருவம், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, நீலச் சட்டை. இறங்கியதும் எல்லாருக்கும் கை கொடுத்தார். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு தொங்கி, சட்டைப் பைக்குள் போயிருந்தது. அமிர்தம் என் இடுப்பில் இடித்தாள்.

"பாத்தீங்களா? நமக்கு மஞ்சள், அவங்க ஊர்ல கறுப்பு போலருக்குது. கலருதான் தப்பாயிடுச்சி."

அந்த அம்மாள் ஒரு பொம்மையைக் கையில் எடுத்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சரியாகத் தெரியவில்லை போல. சட்டைப் பையில் கையை விட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிற்றின் நுனியில் மூக்குக் கண்ணாடி வந்தது. எடுத்து மாட்டிக்கொண்டார்.

 காசியம்மாள், "அடி ஆத்தே, கண்ணாடிக் கயிறா!" என்றாள். அவ்வளவுதான், ஒருத்தி விடாமல் சிரித்தார்கள். வாயைப் பொத்தினாலும் நிற்கவில்லை. அமிர்தம் மட்டும் சிரிக்கவில்லை, முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"ஏன் சிரிக்கிறார்கள்?" என்று கிசேலா அம்மாள் இங்கிலீஷில் கேட்டார். "இந்தத் தங்கம் என்ன?"

"நகை. எங்கள் ஊர் வழக்கம்" என்று பூசி மெழுகினேன்.

"நகைக்கு யாரும் இப்படிச் சிரிக்க மாட்டார்கள். என்னிடம் மரியாதைக்குப் பொய் சொல்ல ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் வேண்டாம்."

சொல்லிவிட்டேன். கழுத்துக் கயிறு என்றால் எங்களுக்கு என்ன என்பதையும், அமிர்தம் நினைத்ததையும், புருஷன் விரலை ஒடித்த கையோடு அவள் பஸ் ஏறி வந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது. பொம்மையைத் தட்டில் வைத்தார்.

"இதை நான் எடுத்துக்கொண்டு போக முடியாது. அங்கே என்னைப் பிடிக்காதவர்கள் இதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். இவள் ரகசியமாக ஒரு புருஷன் வைத்திருந்தாள் என்று மறுநாளே எழுதுவார்கள். வருந்துகிறேன்."

கடைசி வார்த்தையை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.  நாளைக்கே பூட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"இவர்களில் அமிர்தம் யார்?" என்று கேட்டார். அமிர்தம் முன்னால் வந்தாள். ஓடப்போகிறாளோ என்று நான் பார்த்தேன். அவள் அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புருஷனை விட்டு வந்தவள் என்றீர்களே, பிறகு ஏன் இவள் இதை இன்னும் போட்டிருக்கிறாள்?" என்று அவர் என்னிடம் கேட்டார். கேட்டுச் சொன்னேன்.

"இது இருந்தா பஸ்ஸுல எவனும் கண்டதைக் கேக்கறதில்ல. நிம்மதியா வேலைக்கு வந்து போறேன். வேற ஒண்ணும் இல்ல" என்றாள் அமிர்தம்.

"அப்படியானால் அது தாலி இல்லை, பஸ் பாஸ்" என்றார் கிசேலா அம்மாள். முகத்தில் இறுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. நான் இதைத் தமிழில் சொன்னதும் அமிர்தத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. வந்ததும் அவள் செய்த காரியம் இருக்கிறதே!

"அக்கா, அவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க. வூட்டு வேலைக்குச் சம்பளம் வேணாம்னு எழுதினாங்களே, அது தப்புன்னு சொல்லுங்க."

"வாயை மூடுடி. இப்பவா இதைக் கேக்கறது?" என்று பல்லைக் கடித்தேன்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் அவர். விடுகிற ஆள் இல்லை. சொன்னேன். அந்த அம்மாள் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வாதாட ஆள் கிடைத்த சந்தோஷம், வேறென்ன.

"எதனால் தப்பு என்கிறாள்?"

"ஒம்போது வருசம் நான் செஞ்ச வேலைக்கு மதிப்பு இருந்திருக்கும். மாசா மாசம் எண்ணிக் குடுத்திருந்தா, நான் ஒரு ஆளுன்னாவது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் அமிர்தம்.

கிசேலா அம்மாள் தலையாட்டிக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "இருக்கலாம். ஒன்று மட்டும் கேளுங்கள். அவன் மாதா மாதம் சம்பளம் கொடுத்திருந்தால், விரல் ஒடிந்த அன்றைக்கு இவள் பஸ் ஏறியிருப்பாளா?"

 அமிர்தம் இடது கையின் வளைந்த விரல்களைத் தடவிக்கொண்டு நின்றாள். 

"மாட்டேன்" என்றாள் கடைசியில். "ஏறியிருக்க மாட்டேன். சம்பளம் வருதேன்னு அங்கியே கெடந்திருப்பேன். அடுத்த விரலையும் குடுத்திருப்பேன்."  கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்: "சரி, நீங்க சொன்னதுதான் நியாயம். ஆனா வெளிய வந்துட்டேனே, இப்ப எனக்குச் சம்பளம் வேணும்மா. இந்த ஷெட்டு மூடினா நான் திரும்ப அங்கதான் போவணும். அதனால பொம்மையத் திருப்பாதீங்க."

இதை நான் மொழிபெயர்த்த லட்சணத்தைக் கேட்காதீர்கள். பாதி இங்கிலீஷ், பாதி மூக்குறிஞ்சல்.

அந்த அம்மாள் மறுபடி பொம்மையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார், கையில் பிடித்துப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார். "கறுப்பு வண்ணம் இருக்கிறதா?" என்றார். கொடுத்தோம். மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து, அருகருகே இருந்த இரண்டு தங்கப் பொட்டுகளுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு இழுத்தார். பழக்கமில்லாத கை, கோடு கோணலாகப் போயிற்று. ஆனாலும் தெரிந்துவிட்டது. தங்க விளிம்பு போட்ட மூக்குக் கண்ணாடி!

"குடுங்கம்மா" என்று அமிர்தம் தூரிகையை அவர் கையிலிருந்தே வாங்கினாள். கோணல் கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரே இழுப்பில் வளைவாகப் போட்டாள். மஞ்சள் கயிற்றின் மேல் கறுப்பை ஓட்டினாள். பொம்மையின் கழுத்தில் இப்போது கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முறை சூளையில் லேசாகச் சுட்டால் போதும்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேனாம், காசியம்மாள் இன்றைக்கும் அப்படியே செய்து காட்டுவாள். கிசேலா அம்மாள் எங்களோடு டீ குடித்தார். எச்சில் படாமல் தூக்கிக் குடிக்கக் கற்றுக்கொடுத்தோம், சட்டையில் கொட்டிக்கொண்டார். தன் அலுவலகத்தில் இப்போதெல்லாம் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்ல ஆள் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். புறப்படும்போது டீ கப் செய்வீர்களா என்று விசாரித்தார். பத்திரிகையின் பெயர் போட்டு, சந்தாதாரர்களுக்கெல்லாம் அனுப்ப வேண்டுமாம். எத்தனை வேண்டுமானாலும் செய்வோம் என்றேன். காரில் ஏறுமுன் அமிர்தத்தின் இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

கார் போய், சோறு தின்று, எல்லாரும் மறுபடி உட்கார்ந்து வேலையைத் தொடங்கியிருந்தோம். அப்போது ஷெட் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பச்சமுத்து இறங்கினார். பின்னாலிருந்து இறங்கியவன் தங்கராசு. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கல்யாணத்துக்குப் பெண் அழைக்க வந்தவன் மாதிரி இருந்தான். காசியம்மாள் பஸ்ஸில் அளந்த கதை வேலை செய்துவிட்டது.

"பொம்மையெல்லாம் கெட்டுப் போச்சாம், ஆர்டரு இல்லியாம், ஊரே பேசுது" என்றார் பச்சமுத்து, தங்கையின் முகத்தைப் பார்க்காமல். "மாப்பிள்ளைய வரச் சொல்லிட்டேன். கெளம்பு அமிர்தம்."

"பொட்டிய அப்புறம் எடுத்துக்கலாம். வா" என்றான் தங்கராசு.

அவனைக் கிழித்து நார் நாராகத் தொங்கவிட எனக்கு வார்த்தை தயாராக இருந்தது. வாயைத் திறக்கவும் திறந்தேன். அதற்குள் அமிர்தம் பேசிவிட்டாள். தலை நிமிரவில்லை, குரல் உயரவில்லை. தூரிகை ஒரு பொம்மையின் கழுத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

"யாரு சொன்னது இல்லன்னு? இன்னும் இவ்வளோ பேருக்குக் கண்ணாடி மாட்டணும். இது முடிஞ்சா டீ கப்பு இருக்குது. வேலை இருக்குதுண்ணே. நீங்க அவரையும் கூட்டிக்கிட்டு போயிட்டு வாங்க. சாயங்காலம் நான் எப்பவும்போல பஸ்ஸுக்கு வந்துடறேன்."

பச்சமுத்து தட்டுகளைப் பார்த்தார். வரிசையாக நின்ற ஜெர்மன்காரிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்திருந்தேன். அங்கே இருந்தது பெரிய நிம்மதி. ஊருக்குச் சொல்லிக்கொள்ள அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"தங்கச்சிக்கு வேலை இருக்குதாம். வாய்யா, போவலாம்" என்றார் தங்கராசுவிடம்.

தங்கராசு ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷெட்டில் இருந்த அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தோம். வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

வண்டிச் சத்தம் அடங்குகிற வரை அமிர்தம் நிமிரவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "போயிட்டாங்களாக்கா?"

"போயிட்டாங்கடி."

அவள் தூரிகையை வைத்தாள்.  சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"ஒம்போது வருசத்துல நான் ஒண்ணு சொல்லி அவரு கேட்டது இதான்க்கா மொத தடவ" என்றாள்.